கோயில் நிலவறையின் குளிர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வெப்பமானி வாங்கலாம் என்பதுதான். அதைக் கடைக்காரனிடம் கேளுங்கள், அவன் என்னைவிட வடிவாகச் சொல்வான். லண்டனில் வௌவால் பார்க்கிற வேலைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோசம்தான், கொஞ்சம் பொறாமையும் வந்தது. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் சனத்துக்கு என் வேலையை விளங்கப்படுத்துவதற்குள் பாதிச் சீவன் போய்விடும். "கவுன்சிலிலையோ வேலை?" என்பார்கள். "பழைய கட்டடங்களை இடிக்கிறதுக்கு முதல், அதுக்குள்ள வௌவால் இருக்கோ எண்டு பாக்கிறன்" என்றால், "சும்மா பகிடி விடாதை பிள்ளை" என்று சொல்லிவிட்டு, எனக்கு வேலை இல்லை என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

இப்போது லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், மகன் வீட்டில், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மருமகள் நல்ல பிள்ளை, வேலைக்குப் போகமுதல் சூட்டை ஒருமுறை கூட்டிவிட்டுத்தான் போவாள். அவள் போனதும் நான் எழுந்து குறைத்துவிடுவேன். என் இரண்டு முழங்காலும் படி இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. எனக்கு அந்த நிலவறைகள் வேண்டும் போலிருக்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து தட்டும் ஈரக் குளிரும், சுண்ணாம்பும் பழைய கரியும் கலந்த மணமும் வேண்டும் போலிருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குளிரைத் திட்டித் திட்டி அழுதவள்தான் நான். இன்று அதே குளிருக்காக ஏங்குகிறேன் என்றால் என் சகோதரிகளே சிரிப்பார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் ஒருமுறை சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற கதை முழுக்க இதில்தான் நிற்கிறது. மாரியில், அதுதான் இந்த நாட்டுக் குளிர்காலத்தில், பூச்சி இல்லை, வௌவாலுக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே அது இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு, உடம்பைக் குளிரவிட்டு, மூச்சைக்கூடக் குறைத்துத் தூங்குகிறது. அதற்கு உறையாத, ஆனால் சூடேறாத இடம் வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜின் உட்பக்கம் எப்படி இருக்குமோ அப்படியான குளிர், அதோடு நல்ல ஈரம். இடம் சூடானால் விழித்துவிடும். ஒருமுறை விழித்தெழும்பினால், பல நாள் தூங்குவதற்கு வைத்திருந்த கொழுப்பு அதிலேயே போய்விடும். இரண்டு மூன்று தடவை அப்படி எழும்பினால் வசந்தம் வரைக்கும் தாக்குப் பிடிக்காது.

எனக்கு இந்த வேலையைக் காட்டித்தந்த ஆங்கிலேயப் பெண் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வாய் திறந்து அதிகம் சொல்லமாட்டார். நிலவறைக்குள் போகமுதல் வாசலில் நின்று, மேலங்கியைத் திறந்துவிட்டு, தன்னை நன்றாகக் குளிரவைத்துக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். உள்ளே போனால் வௌவாலுக்குக் கீழே நின்று மூச்சுவிட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் எனக்கு அது விசர் வேலையாகத்தான் பட்டது. நம் உடம்பும் ஓர் அடுப்புதான் என்று பிறகுதான் உறைத்தது. அவர் நோய் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய இலக்கத்தை நான் போனில் இருந்து இன்னும் அழிக்கவில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். தெற்கு லண்டனில் ஒரு பழைய தேவாலய மண்டபத்தை வாங்கிக் கோயிலாக்கியிருந்தார்கள் எங்கள் ஆட்கள். பெயர் வேண்டாம். மண்டபத்துக்கு அடியில் ஒரு நிலவறை, அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்தது. நடைபாதையில் ஒரு வட்ட இரும்பு மூடி, அதன் விளிம்பில் விரல் நுழைகிற இடைவெளி. அந்த வழியாக வௌவால்கள் வந்து மாரியைக் கழித்துவிட்டுப் போவது யாருக்கும் தெரியாது. நிலவறையை அன்னதானச் சமையலறை ஆக்கலாம் என்று நிர்வாகத்தினர் திட்டம் போட்டபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு வழிகாட்டிக்கொண்டு கீழே இறங்கியவர் பரமண்ணை. கோயில் பூட்டுகளின் திறப்புகள் எல்லாம் அவர் கையில்தான். கூட்டுவது, கழுவுவது, மணி அடிப்பது, பூ வாங்கி வருவது எல்லாம் அவரே. மண்டபத்தின் பின் அறையிலேயே படுத்துக்கொள்வார், தனி ஆள். ரோச் லைற்றைச் சிவப்புத் தாளால் மூடிப் பிடித்தேன். கூரை வளைவின் செங்கல் இடுக்கில் நீளக் காது வௌவால்கள் ஐந்தாறு தொங்கின. காதை இறக்கைக்குள் மடித்து வைத்திருந்தன. உடம்பில் பனித்துளி ஒட்டி மினுங்கியது.

"உயிரோடையோ இருக்குதுகள், தங்கச்சி?" என்று பரமண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை, நித்திரை."

"இந்த விறைப்புக்குள்ளயோ? நனைஞ்சுமெல்லே கிடக்குதுகள்!"

"அதுகளுக்கு இந்தக் குளிர்தான் வேணும். சூடு பட்டா எழும்பிப்போடும், பேந்து சாப்பாடில்லாமல் செத்துப்போகும். ஒருத்தரும் இங்கை வரக்கூடாது, லைற் போடக்கூடாது, சரியோ?"

"ஓம், ஓம்" என்றார். தலையை ஆட்டினார். கண் மட்டும் அந்த ஈர உடம்புகளைவிட்டு அகலவில்லை. படி ஏறும்போது "பாவங்கள்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. சமையலறைத் திட்டத்தை நிறுத்திவைக்கும்படி எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. திருவாதிரைக்கு முந்தின நாட்களில் விடியப்புறத்தில் பூசை நடக்கும், உங்களுக்குத் தெரியும். வெளியில் உறைபனி, உள்ளே சங்கும் சேமக்கலமும், பூசை முடியச் சுடச்சுடக் கோப்பியும் அவலும். வயது போனவர்கள்தான் கூட வருவார்கள். அப்படி ஒரு விடியலில் என் போன் அடித்தது. கோயில் தலைவர். கணக்காளர், சாதாரண நேரத்திலேயே அவசரமாகக் கதைக்கிறவர்.

"அக்கா, கெதியா வாங்கோ! கோயிலுக்குள்ள வௌவால் பறக்குது. சனம் கத்துது. நான் பெரிய கதவைத் திறந்து வெளியில கலைக்கப் போறன்."

"ஐயோ, திறக்காதைங்கோ! வெளியில போனா இண்டைக்கே செத்துப்போகும். லைற்றை எல்லாம் நிப்பாட்டுங்கோ. சனத்தை இருந்த இடத்தில இருக்கச் சொல்லுங்கோ. ஒருத்தரும் துணி வீசக்கூடாது. நான் வாறன்."

"லைற் இல்லாமல் பூசையோ?"

"விளக்கிருக்குத்தானே!"

கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போதே யோசித்துப் பார்த்தேன். அந்த நிலவறையை நானே அளந்து பார்த்திருந்தேன். வெளியில் எவ்வளவு மாறினாலும் உள்ளே மாறாத இடம். அந்த உறைபனியில் அவை தாமாக எழும்ப ஒரு காரணமும் இல்லை. அப்படியென்றால் யாரோ எழுப்பியிருக்கிறார்கள்.

மண்டபம் இருட்டாக இருந்தது. மூலஸ்தானத்தில் மட்டும் விளக்குகள். சனம் நிலத்தில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல சகுனம் என்று ஒரு பக்கம், கூடாது என்று இன்னொரு பக்கம், அதற்குள்ளும் இரண்டு கட்சி. நான் யாருக்கும் பதில் சொல்லாமல் பின் நடைக்குப் போனேன். நிலவறைக் கதவு முழுதாக மூடவில்லை. கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு வெள்ளை வயர் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் இறங்கினேன். படியிலேயே சூடு முகத்தில் அடித்தது. கீழே, வளைவுக்கு நேர் கீழே, புத்தம் புதிய மின்சார ஹீட்டர் ஒன்று நின்றது.

பரமண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்றார். விறைத்துப்போன ஆள் போல நின்றார். "நான்தான் வைச்சனான். இரவு சரியான குளிர். எனக்கு நித்திரை வரேல்லை. அதுகளை நினைச்சு..." ஹீட்டரைப் பார்த்தார். "பொலிஸ் வருமோ, தங்கச்சி?"

வௌவால் தூங்கும் இடத்தைக் குழப்புவது இந்த நாட்டில் குற்றம். அதை நீங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். எனக்கும் வாய்வரைக்கும் வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அகதியாக வந்த ஒருவரிடம் சட்டத்தைத் தூக்கிக் காட்டினால், அதற்குப் பிறகு அவர் காதில் வேறெதுவும் ஏறாது. எனக்கு அப்போது அவருடைய காதும் கையும் தேவைப்பட்டன. "அதைப் பேந்து பாப்பம். முதல்ல இதை நிப்பாட்டித் தூக்குங்கோ" என்றேன். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் பிறகு சொன்னேன். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

ஹீட்டரை அணைத்தும் சூடு இறங்கவில்லை. சுவர் சூட்டைக் குடித்திருந்தது. அதோடு, மண்டபத்துக்குப் போகும் வெந்நீர்க் குழாய்கள் அந்தக் கூரையோடுதான் போகின்றன. சாதாரண நாட்களில் பொயிலர் கொஞ்ச நேரம்தான் ஓடும், அதை நிலவறை தாங்கிக்கொள்ளும். விடியப்புறப் பூசை தொடங்கியதிலிருந்து நடுச்சாமத்திலேயே போட்டு விடுகிறார்களாம். இரண்டு சூடும் சேர்ந்துதான் இந்தக் கோலம்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் பிடித்துப் பெட்டியில் போட்டு, காயப்பட்ட வௌவால்களைப் பராமரிக்கிறவரிடம் கொண்டுபோய், மாரி முழுக்கக் கையால் தீனி கொடுத்து வைத்திருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லமுடியாத வழி அது. ஆனால் பிடிக்கிற பிடியிலேயே ஒன்றிரண்டு பயத்தில் போய்விடும், மற்றவை இந்த இடத்தை மறந்துவிடும். மற்ற வழி, நிலவறையைக் கெதியாகப் பழையபடி குளிரவைத்து, அவையாகவே திரும்பிப்போய்த் தூங்க விடுவது. பிழைத்தால் எல்லாம் பிழைக்கும், தவறினால் எல்லாம் போகும். எனக்கு வேலை காட்டித்தந்த அந்த ஆங்கிலேயப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கமுடிந்தால் என்றிருந்தது. அவர் இருந்திருந்தாலும் அதிகம் சொல்லியிருக்க மாட்டார். வாசலில் நின்று மேலங்கியைத் திறந்திருப்பார்.

மண்டபத்துக்கு ஏறிவந்து தலைவரிடம் சொன்னேன். "பொயிலரை இப்பவே நிப்பாட்டவேணும். பூசை முடியிற நாள் வரைக்கும் போடக்கூடாது."

"உங்களுக்கென்ன விசரோ? அறுபது எழுபது வயசு ஆக்கள் இருக்கினம். சனம் விறைச்சுச் சாகவோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். மனிதருக்குக் குளிர், வௌவாலுக்குச் சூடு என்று இரண்டையும் ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? சனத்தைப் பார்த்தேன். அப்போது மூலஸ்தான வாசலில் நின்ற ஐயர் திரும்பினார். ஒல்லியான மனிதர். இடுப்பில் வேட்டி, மேலே பூணூல், அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் குளிர் முதலில் பிடிக்கப்போவது அவரைத்தான்.

"நிப்பாட்டுங்கோ" என்றார். "எனக்கு விளக்குச் சூடு போதும். நீங்கள் எல்லாரும் கோட்டோட இருந்து பாடுங்கோ. சுவாமி கோவிக்க மாட்டார்."

தலைவர் "கோப்பியைக் கூடப் போடுங்கோ" என்று மட்டும் உறுக்கிவிட்டு, தானே போய்ப் பொயிலரை அணைத்தார். பரமண்ணை நடைபாதையில் முழங்காலில் நின்று இரும்பு மூடியைத் தூக்கினார். உறைபனிக் காற்று உள்ளே இறங்கியது. நாங்கள் நிலவறைக் கதவை மட்டும் அகலத் திறந்துவைத்துவிட்டு, நடையின் மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சனம் கோட்டும் தொப்பியும் மப்ளருமாக இருந்து பாடத் தொடங்கியது. பாடுகிற வாய்களில் இருந்து புகை போனது. பாட்டு முடியமுதலே ஒன்று தாழப் பறந்து வந்து கதவுக்குள் இறங்கியது. பிறகு இன்னொன்று. பரமண்ணை என் கையைப் பிடித்தது எனக்கு வலித்தது. நான் விடுவிக்கவில்லை.

ஒன்று மட்டும் வரவில்லை. மணிக்குக் கீழே தரையில் கிடந்தது. எடுத்தால் ஒரு காய்ந்த இலையின் பாரம்கூட இல்லை. அதைத் துணிப்பையில் சுற்றிப் பராமரிப்பவரிடம் கொண்டு ஓடினேன். பரமண்ணை அன்று முழுக்கப் போன் எடுத்துக்கொண்டேயிருந்தார். "தண்ணி குடிச்சுதோ? கண் முழிச்சுதோ?" அடுத்த நாள் அது செத்துப்போனது. சுகமாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவர் இனியும் அந்த நிலவறையைக் காக்கவேண்டிய ஆள். உண்மை தெரியாமல் எப்படிக் காப்பார்? நேரே போய்ச் சொன்னேன்.

அவர் பின் அறைக் கட்டிலில் இருந்தார். ஹீட்டர் மூலையில் நின்றது, பெட்டியும் பக்கத்தில்.

"இது எப்ப வாங்கினது தெரியுமோ?" என்றார். "என்ரை மனுசிக்கு விசா வரப்போகுது எண்டு லோயர் சொன்ன கிழமை வாங்கினது. யாழ்ப்பாணத்தில இருந்து நேரே வாறவ, இந்தக் குளிர் தாங்கமாட்டா எண்டு. விசா இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு வருசக்கணக்காப் போச்சு. அவ அங்கையே காய்ச்சலில போயிட்டா. நான் பெட்டி உடைக்கேல்லை, தங்கச்சி. எத்தினை மாரி, எனக்குக்கூடப் போடேல்லை. அதுகளுக்குத்தான் உடைச்சனான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கதைத்தார். "எனக்கும் அவவுக்கும் இப்பிடி ஒரு நித்திரையைக் கடவுள் தந்திருக்கலாம். விசா வரும்வரைக்கும் அவ அங்கை, நான் இங்கை, படுத்துக் கிடந்திருப்பம். எழும்பேக்கை எல்லாம் முடிஞ்சிருக்கும். வயசும் போயிருக்காது."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். வேலைக்குப் போன இடத்தில் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். அதை ஒரு பக்கத்தில் வையுங்கள்.

மிச்சப் பூசைகள் எல்லாம் கோட்டோடுதான் நடந்தன. ஐயருக்குத் தடிமனும் தும்மலும் பிடித்தது, பரமண்ணை கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். நிலவறை பழைய குளிருக்கு இறங்கி அங்கேயே நின்றது. நான் ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். முன்பு தொங்கிய வளைவில் அவை இல்லை. குழாயிலிருந்து தள்ளி, இரும்பு மூடிப் பக்கமாக, இன்னும் குளிரான மூலையைத் தேடிப்போய்த் தொங்கின. எங்களை நம்பவில்லைபோலும். வசந்தத்தில் மிஞ்சியவை எல்லாம் உயிரோடு பறந்து போயின. கோயில்காரர் குழாய்களைச் சுவர்ப் பக்கமாக மாற்றி உறையும் போட்டார்கள். அன்னதானச் சமையலறை மண்டபத்தின் பின்வளவில் எழும்பியது.

அடுத்த மாரிக்கு அவை வரவில்லை. அதற்கடுத்த மாரிக்கும் வரவில்லை. நிலவறையில் எல்லாம் சரியாக இருந்தது. குளிர் சரி, ஈரம் சரி. வெளியில்தான் மாரி மாறிக்கொண்டு வந்தது. மார்கழியிலும் சனம் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடக்கிறது. மாரி இளகினால் வௌவால் மரப்பொந்திலும் கூரை இடுக்கிலும் நின்றுவிடும், நிலத்துக்குக் கீழே வரத் தேவைப்படாது. அதுதானோ, அல்லது அந்த விடியல் அவற்றுக்கு மறக்கவில்லையோ, எனக்குத் தெரியாது. இத்தனை வருட வேலைக்குப் பிறகும் இதற்குத் தெரியாது என்றுதான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. உங்களிடம் யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்தைப் பார்க்கிற வேலை வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. அனுமதி உள்ள அந்தப் பெண் வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பாள், பரமண்ணை திறப்போடு கூடப் போவார். அவருக்கும் இப்போது வயது போய்விட்டது, திறப்புகளை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. மூடியின் இடைவெளியில் குப்பை அடையாமல் பார்ப்பார். பூசை நாட்களில் பொயிலரைப் போட விடமாட்டார். புதிதாக வந்த நிர்வாகத்தினர், ஏன் இந்தக் கோயிலில் மட்டும் கோட்டோடு பாடுகிறார்கள் என்று கேட்டால், சனமே பதில் சொல்லுமாம். அந்தப் பெண் வந்து பார்க்கிற நாளில் அவர் எனக்குப் போன் எடுப்பார்.

போன கிழமையும் எடுத்தார். நான் மகன் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தேன். அவர் படியில் நின்று கதைக்கிறார் என்பது குரலின் எதிரொலியில் தெரிந்தது.

"பாத்திட்டம், தங்கச்சி. இல்லை. இந்த முறையும் ஒண்டும் இல்லை."

"குளிர் எப்பிடி அண்ணை?"

"நல்ல குளிர். அதுகளுக்குப் பிடிச்ச குளிர்."

அவருடைய குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஏன் அண்ணை இப்பிடி மெல்லக் கதைக்கிறியள்? அங்கைதான் ஒருத்தரும் இல்லையே" என்றேன்.

அவர் ஒரு படி இறங்குவது கேட்டது.

"இல்லைத்தான்" என்றார், அதே கிசுகிசுப்பில். "மாரி இன்னும் முடியேல்லையே."

"ஓம் அண்ணை" என்றேன். என் குரலும் தாழ்ந்துபோயிருந்தது.